அடுப்படி ஜன்னலும் மாமனார் குட்டும்

சமைக்கத் தெரியாத ஆண்களுக்குத்தான் சமையலறையைச் சீர்திருத்தும் ஆசை அதிகம். அங்கே தினமும் நின்று வேகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. நான் முதல் ரகம். நான் வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்கும் என்று என் மனைவி வள்ளி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். (ஒரே ஒரு தடவை நடந்தது. போன் வந்துவிட்டது.)

திருக்கோகர்ணத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறோம். அடுப்படிக்கு ஒரே ஜன்னல். பெரிய தாம்பாளம் ஒன்றை நிமிர்த்தி வைத்தால் அடைத்துவிடலாம், அவ்வளவுதான் அளவு. பட்டப்பகலிலும் லைட்டைப் போட்டால்தான் மிளகு எது, கடுகு எது என்று தெரியும்.

மாமனார் காலமான பிறகு பொன்னமராவதியில் தனியாக இருந்த மாமியாரை எங்களோடு வந்து இருக்கும்படி வள்ளி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவளைவிட அதிகமாகக் கூப்பிட்டேன். (அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.) ஒருமுறை வந்தவர் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்பிள்ளை, கெணத்துக்குள்ள எறங்குற மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டார்.

இதற்கிடையில் மச்சான் முத்தையா, வள்ளியின் அண்ணன், வேறு பக்கமிருந்து நெருக்கினார். கோயம்புத்தூரில் கடை வைத்திருப்பவர். பொன்னமராவதி வீட்டை விற்றுவிடலாம், ஆத்தா கொஞ்ச நாள் தன்னிடமும் கொஞ்ச நாள் தங்கையிடமும் இருக்கட்டும் என்பது அவர் யோசனை. ஒரே மகன். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மாமியாருக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"இந்த வருசம் ஒங்கப்பாவுக்குத் திதியை வள்ளி வீட்டுல வச்சுக் கும்பிடுவோம். அவுக அங்கிட்டு வந்து சோறெடுத்தாகன்னா, நானும் வீட்டை விட்டுட்டு வாரேன்."

'அவுக' என்றால் மறைந்த மாமனார். வருவது காக்காய் உருவத்தில். திதியன்று படையல் சோற்றைக் காக்காய் எடுத்த பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு இலை போடுவார்கள். ஆக, ஒரு வீட்டின் விற்பனையும் ஒரு மாமியாரின் இடமாற்றமும் ஏதோ ஒரு காக்காயின் பசியை நம்பி நின்றன.

மொட்டை மாடியில் சோலார் தகடு போட்ட நாளிலிருந்து வீட்டுக்காரர் அதைப் பூட்டியே வைத்திருக்கிறார். சோறு வைக்க மிஞ்சியது அடுப்படி ஜன்னல்தான். சின்ன ஜன்னலை எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன். பிறகு இன்னொன்று. (ஆபீஸில் பார்த்தவை தனி.) மாமியாருக்குக் கிணறு மாதிரி தெரிந்த அடுப்படியை ஒரே நாளில் மாளிகையாக்கிவிடலாம் என்று நம்பிக்கை வந்தது.

திதிக்கு முந்தைய நாள் மதியம் வீட்டுக்காரரின் ஏணியைச் சந்தில் சாத்தி ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே கம்பிகளோடு சேர்த்து ஒரு பலகையைக் கட்டினேன். அதில் ஒரு கொத்தமல்லித் தொட்டி. தொட்டிக்கு அந்தப் பக்கம், பலகையின் ஓரத்தில், சற்றுச் சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. வானத்து வெளிச்சத்தை அது வாங்கி உள்ளே அனுப்பும் என்பது வீடியோவில் வந்தவரின் வாக்கு. கண்ணாடி, கல்யாணத்துக்கு மாமனார் சீராகக் கொடுத்த டிரெஸ்ஸிங் டேபிளுடையது. டேபிளைக் கரையான் தின்றுவிட்டது.

"எங்கப்பா குடுத்ததைக் கொண்டுபோய்ச் சந்துல கட்டுறீங்களே?" என்றாள் வள்ளி.

"ஒங்கப்பாவே வந்து வெளிச்சம் குடுக்குறாருன்னு நெனச்சுக்க" என்றேன். அப்போது அது நல்ல பதிலாகத்தான் தெரிந்தது.

வெளிச்சம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. கூடவே, இத்தனை வருடம் கண்ணில் படாத ஒட்டடையும் எண்ணெய்ப் பிசுக்கும் தெரிந்தன. வள்ளி என்னைத் திட்டிக்கொண்டே சுவரைத் தேய்த்தாள். சாயங்காலம் பையோடு வந்த மாமியார், "வெளிச்சமாத்தான் இருக்கு" என்றார். நான் கருவாட்டுக் குழம்பை நினைத்தபடி நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். படையல் முடிந்ததும் மச்சான் ஜன்னல் கம்பி வழியாகக் கையை நுழைத்து, பலகையில் இலைத் துண்டை வைத்து, சோறும் பருப்பும் வடையும் வைத்து, "கா... கா..." என்றார். கூப்பிட்ட குரலுக்கு ஒரு காக்காய் வந்து உட்கார்ந்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். காக்காய் சோற்றைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பியது. அவ்வளவுதான், இறக்கையை விரித்துக்கொண்டு எதன்மேலோ ஆவேசமாகப் பாய்ந்தது.

அந்த ஜன்னலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நன்றாக எட்டிப் பார்க்க முடியும். பார்த்தவர்களுக்கும் கண்ணாடியைத் தொட்டி மறைத்தது. தெரிந்ததெல்லாம் அடிக்கும் இறக்கையும் அலறலும்தான்.

"அண்ணனுக்கு என்னமோ மனக்கொறை" என்றார் வள்ளியின் சித்தப்பா.

மனக்குறையைத் தேட ஆரம்பித்தார்கள். சட்னி இல்லாமல் வடை தொட மாட்டாரே என்று யாரோ சொல்ல, அவசரமாகச் சட்னி அரைத்து வைக்கப்பட்டது. பிறகு கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக ஒரு காப்பி. பிறகு வெற்றிலை. எதற்கும் காக்காய் மசியவில்லை. அதன் உறவுகளும் வந்து கேபிள் ஒயரில் வரிசையாக உட்கார்ந்து கத்தின. உள்ளே குழந்தைகள் பசியில் அழுதன. சர்க்கரை மாத்திரையை முன்கூட்டியே போட்டுவிட்ட சித்தப்பா வடைத் தட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். என்னைத்தான் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். வீடு என்னுடையது அல்லவா?

அப்போதுதான் அந்தக் கூச்சலுக்கு நடுவே 'டொக் டொக்' என்று ஒரு சத்தம் காதில் விழுந்தது. அலகு கண்ணாடியில் படுகிற சத்தம். அது சண்டை போடுவது தன் முகத்தோடு என்பது எனக்கு உறைத்தது. ஒருவரிடமும் சொல்லாமல் கீழே ஓடி, ஏணியைச் சாத்தி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

மேலே போய்க் கண்ணாடியைப் பிடித்த நேரம், உள்ளே மச்சானின் குரல் உடைந்தது.

"அப்பா, வீட்டை விக்கிறது ஒங்களுக்குப் பிடிக்கலயா? விக்கல. சத்தியமா விக்கலப்பா. ஆத்தா இருக்குற வரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஒரு வாய் சாப்பிடுங்கப்பா."

நான் கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். எதிரியைக் காணாத காக்காய் ஒரு கணம் திகைத்தது. எதிரி இருந்த இடத்தில் இப்போது முடி கொட்டிய என் தலை இருந்தது. ஓங்கி ஒரு கொத்து. பிறகு அமைதியாக இலைப் பக்கம் திரும்பிச் சோற்றை எடுத்தது.

கம்பிக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில், கண்ணீரோடு மச்சான். அவர் தோளுக்கு மேலே சித்தப்பா.

"எடுத்துட்டாருய்யா! மருமகன் தலையில ஒரு குட்டு குட்டிட்டு எடுத்துட்டாரு!"

நான் தடுமாறிப் பலகையைப் பிடிக்க, கொத்தமல்லித் தொட்டி நேராக வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் சீட்டில் போய் இறங்கியது. "மச்சான், அது ஒண்ணுமில்ல, கண்ணாடியில..." என்று தொடங்கினேன்.

"மாப்பிள்ளை!" என்று மாமியாரின் குரல் குறுக்கே விழுந்தது. "காக்கா தலையில அடிச்சிருச்சு. ஒண்ணும் பேசாதீங்க. எறங்கிப்போயி மொதல்ல குளிங்க. சட்டை வேட்டியோட."

காக்காய் தலையில் அடித்தால் உடுத்திய துணியோடு தலை முழுக வேண்டும். தோஷமாம். நான் முழுகிவிட்டு வருவதற்குள் முதல் பந்தி முடிந்திருந்தது, வடையும் முடிந்திருந்தது.

எல்லோரும் ஹாலில் கண்ணயர்ந்தபோது அடுப்படிக்குப் போனேன். மாமியார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, அது மாமா கோவமெல்லாம் இல்ல. கண்ணாடியைப் பாத்துத்தான்..."

"தெரியும்" என்றார் திரும்பாமலே. "விடியக்காலம் காப்பி போடுறப்பவே அந்தக் காக்கா டொக்கு டொக்குன்னு கண்ணாடிகூட மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் கெடந்துச்சு."

"அப்ப ஏன் சொல்லல?"

அவர் கையிலிருந்த பாத்திரத்தை வைத்தார். "அந்த வீட்டுல அவுக பொழங்குன சத்தம் எனக்கு இன்னும் கேக்குது மாப்பிள்ளை. அதை விட்டுட்டு எங்கிட்டுப் போனாலும் எனக்கு ஒறக்கம் வராது. நான் சொன்னா மகன் சங்கடப்படுவான். அவனே சொல்லட்டுமேன்னு விட்டுட்டேன்."

ஒரு குழம்புக்காக இந்த மனுஷியை வேரோடு பிடுங்கப் பார்த்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. குழம்பு போச்சே என்று வருத்தமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அன்றிலிருந்து குடும்பத்தில் என் பெயர் 'குட்டு வாங்கின மாப்பிள்ளை'. திதி இப்போதெல்லாம் பொன்னமராவதி வீட்டில்தான். காக்காய் வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், "மாப்பிள்ளை, அந்தத் தலையைச் சித்த காட்டுங்க" என்று சித்தப்பா ஆரம்பித்துவிடுவார். மச்சான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். நானும் சிரித்துவைக்கிறேன். (மச்சான் கடைக் கணக்கைத் தவிர வேறெதையும் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

திதிக்கு மறுநாள் மாமியாரைப் பஸ் ஏற்றப் போனபோது, அவர் மடியில் பழைய புடவையில் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. ஓரத்தில் கண்ணாடி மின்னியது.

"இது எதுக்கு அத்தை?"

"இருக்கட்டும் மாப்பிள்ளை" என்றார், பொட்டலத்தை இழுத்து மூடியபடி. "அவன் மறுபடியும் வீட்டுப் பேச்சை எடுத்தான்னா வேணும்ல."