பாதித் தொட்டிக்கு ஒரு விளக்கு

இந்த நவம்பரில் ஒரு சபதம் எடுத்தேன். என் உயிர் உள்ளவரை வீட்டில் கடல் பவளம் வளர்க்கிற கண்ணாடித் தொட்டிக்கு மேலே எல்.இ.டி. விளக்கு ஏறாது.

ஜெர்மனியில், எம்டன் துறைமுகத்தில் முப்பத்தோரு வருஷம் கப்பல் மதகைத் திறந்து மூடியவன் நான். உபோ யான்சன் கையசைக்காமல் ஒரு கப்பல் உள்ளே வந்ததில்லை. ஒரு விளக்கு வந்துவிடுமா?

வந்துவிட்டது. தபாலில் வந்தது. வரவழைத்தவள் என் மனைவி இம்கே.

"என்ன இது?"

"விளக்குங்க."

"நம்மகிட்டதான் விளக்கு இருக்கே."

"அது விளக்கா? அடுப்பு. அது எரிஞ்சா தண்ணி சூடாகுதுன்னு ஜன்னலைத் திறக்கிறீங்க. ஜன்னலைத் திறந்தா குளிருதுன்னு ஹீட்டரைப் போடறீங்க."

"நம்ம பழைய ஹாலைடு விளக்கு சூரியன் மாதிரி இம்கே. சூரியன் சுடத்தான் செய்யும்."

"சூரியனுக்கு வருஷா வருஷம் பல்பு மாத்தறதில்லையே."

"சரி, டியூப்லைட் போடலாம்."

"போட்டோமே. வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்குன்னு மூணே நாள்ல கழட்டினது யாரு?"

நான்தான். டியூப்லைட் எல்லா இடத்திலும் ஒரே சீராக விழும். பவளத்துக்கு நல்லதுதான். ஆனால் கூரையில் நெளி வராது.

அந்த நெளியைப் பற்றி இம்கேயிடம் நான் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஹாலைடு எரியும்போது தண்ணீரின் அசைவு கூரையில் வெயில் வெயிலாக நெளியும். எங்கள் மகள் ஃபென்னா சிறு பெண்ணாக இருந்தபோது தரையில் மல்லாந்து படுத்து, "அப்பா, மேல கோடைக்காலம் ஓடுது" என்பாள். அந்தத் தொட்டி நானும் அவளும் சேர்ந்து வைத்தது.

போன ஜூனில் அவள் கனடாவில் இருக்கும் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். "இங்க இருக்கிற கடல் போதாதா?" என்று நான் கேட்டது கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டது. அதிலிருந்து நாங்கள் பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவைப் போனில் கூப்பிடும் நேரத்தில் எனக்குத் தொட்டியில் உப்பு அளக்கும் வேலை வந்துவிடும், அவ்வளவுதான். முதல் வார்த்தையை அவள் பேசட்டும் என்று நான். அவள் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று இம்கே கேட்பாள்.

இம்கே வாதாடுகிறவள் இல்லை. சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடி, எனக்குக் கேட்கும்படி ஜெபிப்பாள். "ஆண்டவரே, இந்த வீட்டிலே பழசைக் கட்டிக்கிட்டு அழறவங்களுக்கும் சமாதானம் கொடுங்க." ஆமென் சொல்லாமல் உருளைக்கிழங்கை எடுக்க முடியாது. சொல்லித் தொலைத்தேன்.

ஆனால் எனக்கும் மூளை உண்டு. தபாலில் வாங்கியதைப் பதினாலு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். காரணம் கூடச் சொல்ல வேண்டாம். காரணம் சொல்லாமல் திருப்பினால் எனக்கு மனசு கேட்காது. ஆகவே சொன்னேன்: "சோதனை வைப்போம். இடது பாதிக்குப் புதுசு. வலது பாதிக்குப் பழசு. நான் குறிப்பேடு போடறேன். குறை இருந்தா திருப்பி அனுப்பிடணும்."

"சரிங்க," என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் சரி சொன்னபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரே தாய்ப் பவளத்திலிருந்து இரண்டு துண்டு வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினேன். எல்.இ.டி.யை முதல் நாளே முழு வெளிச்சத்தில் வைத்தால் பவளம் வெளுத்துப்போகும். அந்த யோசனை எனக்கு வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். பவளம் என்ன பாவம் செய்தது? குறைவாகவே வைக்கச் சொன்னேன். அதைப் போனிலிருந்து கூட்டுவதும் குறைப்பதும் இம்கேயின் பொறுப்பு.

மூன்றாம் நாள் குறை கிடைத்தது. மூன்று மணி, தேநீர் நேரம். முதல் கோப்பையை வாயில் வைக்கிறேன், புது விளக்கு மங்கிச் சிவந்து மறுபடி தெளிந்தது. இரண்டாம் கோப்பைக்கும் அப்படி. எங்கள் ஊரில் மூன்று கோப்பைக்குக் குறைந்து எழுந்தால் மரியாதையில்லை. மூன்றாவதுக்கும் மங்கியது.

"பாத்தியா?"

"எதைங்க?" இம்கே மடியில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றாட வேத வசனம் படிக்கிறாள் என்று நினைத்தேன்.

தினமும் இதே கதை. நிமிஷம், நொடி எல்லாம் குறித்தேன். நாலு பக்கம் சேர்ந்தது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் தேநீர் குடித்ததில்லை. மூன்று மணி எப்போது வரும் என்று காலையிலிருந்தே காத்திருந்தேன்.

பதினாலாம் நாள் குறிப்பேட்டை மேசையில் போட்டேன்.

"அப்ப கோளாறு யாராலயோ அவங்ககிட்டயே சொல்லுங்க," என்று இம்கே எண்ணை அழுத்திப் போனை என் கையில் கொடுத்தாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "வணக்கம். என் பேரு உபோ யான்சன். உங்க விளக்கு தினமும் மூணு தடவை மங்குது. பதினஞ்சு மணி நாலு நிமிஷம், பதினஞ்சு பதினேழு, பதினஞ்சு முப்பத்தொண்ணு. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"எல்லாத்தையுமா எழுதி வச்சிருக்கீங்க அப்பா?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா ஒவ்வொரு கோப்பை ஊத்தும்போதும் சேதி அனுப்புவாங்க," என்றாள் ஃபென்னா. "இங்க காலை பத்து மணி. நானும் ஒரு கோப்பையை எடுத்துக்கிட்டு, என் போன்லேருந்தே அங்க விளக்கைக் குறைப்பேன். கூட உக்காந்து குடிக்கிற மாதிரி இருக்கும். நீங்கதான் போனுக்கு வரமாட்டேங்கறீங்களே."

"உப்பு அளந்துகிட்டு இருந்தேன்மா."

"அஞ்சு மாசமாவா?"

என் புகார் ஐம்பது நிமிஷம் நீண்டது. அங்கே பனி எப்படி, ரொட்டி எப்படி, அறை சூடாக இருக்கிறதா என்று பலதரப்பட்ட குறைகளையும் விசாரிக்க வேண்டியிருந்தது. முதல் வார்த்தையை நான்தான் பேசியிருக்கிறேன் என்பது போனை வைத்த பிறகே உறைத்தது.

"வசனம் படிக்கிறேன்னு ஏமாத்தினியே," என்றேன் இம்கேயிடம்.

"நான் அப்படிச் சொல்லலையே. நீங்களா நினைச்சுக்கிட்டீங்க."

சரி, பெரிய மனசு பண்ணிவிடலாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை அவளைக் கூப்பிட்டு, "நல்லா யோசிச்சுப் பாத்தேன் இம்கே. வலது பாதிக்கும் ஒண்ணு வாங்கிடலாம். நானே சொல்றேன்," என்றேன்.

"உங்க இஷ்டங்க," என்று வாசலில் வந்திருந்த பார்சலைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது விளக்கு. சீட்டில் ஆர்டர் கொடுத்த தேதியைப் பார்த்தேன்: நான் சோதனையைத் தொடங்கிய நாள்.