பத்துப் பேர் வேண்டும்

ஞாயிறு காலை பத்தரைக்குள் பத்துப் பேர் வேண்டும். ரகுராமின் ஆங்கில வகுப்பில் ஐந்து பேர்தான் இருந்தார்கள்.

"பத்துத் தலை இல்லன்னா ஹாலை ஜும்பா கிளாஸுக்குக் கொடுத்துருவேன், மிஸ்டர் ரகுராம்" என்று ரிச்சர்ட்ஸ் டவுன் சமூகக் கூடத்தின் செயலாளர் ஜூலியா சொல்லிவிட்டாள்.

மனைவி கிருத்திகா இறந்தபின் ரகுராம் மாடி அறையிலேயே லேப்டாப்பில் வேலை பார்த்தான், அங்கேயே தூங்கினான். எட்டு மாதங்களுக்கு முன் கீழ்வீட்டு சரளா கதவைத் தட்டி, "எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லிக்குடுங்க சார்" என்றாள். அவள் பங்களா ஒன்றில் சமையல்காரி. இவன் எம்.ஏ. ஆங்கிலம், திருப்பத்தூர்க்காரன். மறுக்கத் தோன்றவில்லை. அப்படித்தான் ஞாயிறு வகுப்பு ஆரம்பித்து, ஐந்து பேரானது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் இஸ்திரி போட்ட சட்டை போட்டான். வகுப்பு போனால் சட்டையும் போய்விடும்.

அந்த வாரப் பாடமே 'ரெக்ரூட்' என்ற வினைச்சொல்தான்.

"ஆள் சேர்க்கிறதுன்னு அர்த்தம். எங்க, ஆளுக்கொரு வாக்கியம் சொல்லுங்க."

ஆட்டோ இராஜமாணிக்கம் எழுந்தார். "ஐ ரெக்ரூட் மை ஆட்டோ இன் பெட்ரோல் பங்க்."

"ஆட்டோவைச் சேர்க்க முடியாதுண்ணே. மனுஷங்களைத்தான்."

"ஐ ரெக்ரூட் மை ஹஸ்பண்ட் பை பீட்டிங்" என்றாள் சரளா.

"அடிச்சு இழுத்துட்டு வந்தா அதுக்கு வேற வார்த்தைக்கா."

எட்டு மாதமாக இப்படித்தான். ஆனால் ஐந்து பேரும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அந்த விடாமுயற்சியை ரகுராம் மனதுக்குள் வியந்தான்.

வியாழனன்று கூடத்து வாசலில் ஒரு தாள் ஒட்டினான். 'ஆங்கில வகுப்பு. வீ ஆர் ரெக்ரூட்டிங்.' கீழே போன் நம்பர்.

மாலைக்குள் பதினாறு அழைப்புகள். எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

"சார், சம்பளம் எவ்ளோ?"

ஓடிப்போய்த் தாளின் அடியில் பெரிதாக எழுதினான்: 'வேலை கிடையாது.'

மறுநாள் முப்பது அழைப்புகள்.

"வேலையே கிடையாதாமே சார், சொக்கமான போஸ்ட்டு! என் மச்சானையும் சேத்துக்கோங்க."

தாளைக் கிழித்தான். அதற்குள் யாரோ அதைப் படம் பிடித்து ஊர்க்கோடி சந்தாபுரா வரைக்கும் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள்.

ஞாயிறு காலை கூடத்து வாசலில் எழுபது பேர். கையில் பயோடேட்டா.

"பேஜாராவாதீங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று இராஜமாணிக்கம் படியில் ஏறி நின்றார். "எல்லாரும் லைனா நில்லுங்க! மொதல்ல கிளாஸு, அப்புறம்தான் இன்டர்வியூ!"

"இன்டர்வியூவா? யாருண்ணே சொன்னது?"

"சும்னே ஒரு பேச்சுக்கு சார்."

வரிசை தெருமுனை வரை நீண்டது. பத்தரைக்கு ஜூலியா வந்தாள். கடைசியில் நின்றவன், "ஆன்ட்டி, பின்னால போங்க. வயசானா வரிசை கிடையாதா?" என்றான்.

உள்ளே வந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

"இது கிளாஸா, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சா? வெளிய நிக்கிறவங்க கணக்கில வரமாட்டாங்க. உங்க அஞ்சு பேர் என்ன கத்துக்கிட்டாங்கன்னு பாக்கறேன்."

பலகையில் இருந்த 'ரெக்ரூட்'டைக் காட்டி அதற்கு என்ன அர்த்தம் என்று சரளாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். ரகுராம் குறுக்கே வந்தான்.

"மேடம், மெதுவா கேளுங்க. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க."

"எட்டு மாசமாவா? அப்போ தப்பு உங்க மேலதான். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே தெரியல. இன்னியோட ஹாலைக் காலி பண்ணுங்க."

ரகுராம் சாக்பீஸை டப்பாவில் போட்டு மூடினான்.

சரளா எழுந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பட்டாளம் சிப்பாயைச் சேர்ப்பது, கம்பெனி ஊழியரைச் சேர்ப்பது, பீரோ நகர்த்தப் பக்கத்து வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொள்வது, மூன்றுக்கும் இந்த ஒரே சொல் எப்படிப் பொருந்தும் என்று விளக்கினாள். பிறகு, ஒரு ஆசிரியரை மாணவர்கள் முன்னால் அவமானப்படுத்துவது எந்த ஊர் நாகரிகம் என்று கேட்டாள். அவள் உச்சரிப்பு ஜூலியாவின் உச்சரிப்பைவிட நன்றாக இருந்தது.

ரகுராம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா..."

"வெள்ளைக்காரங்க வீட்ல இருபது வருஷம் சமையல் சார்" என்று சரளா தரையைப் பார்த்துச் சொன்னாள். "இராஜமாணிக்கம் அண்ணன் கான்சுலேட் டிரைவரா இருந்தவரு. மத்த மூணு பேரும் கான்வென்ட்டுல படிச்சவங்க."

ஜூலியா ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்வளவு இங்கிலீஷ் தெரிஞ்சவங்களுக்கு எதுக்கு இந்த கிளாஸ்?"

இராஜமாணிக்கம் தலையைச் சொறிந்தார்.

"வாரத்துக்கு ஒரு வாட்டியாவது இவரு மாடிய வுட்டு எறங்கி வரட்டும்னு, நாங்க அஞ்சு பேரும் ஏபிசிடிய மறந்துட்டோம் மேடம்."