பத்து விரலும் பத்திரம்

மனிதர்களில் முன்னேற்பாட்டுத் திலகங்கள் என்று ஒரு ரகம் உண்டு. ஒன்பது மணி ரயிலுக்கு ஆறரைக்கே பிளாட்பாரத்தில் போய் நின்று, பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டி, பூட்டை நாலு தரம் இழுத்துப் பார்த்து, சாவியை எங்கே வைத்தோம் என்று ஒன்பது மணிவரை தேடுகிறவர்கள். பார்த்திருப்பீர்கள். பார்த்ததில்லை என்கிறவர்கள் வீட்டில் கட்டாயம் ஒருவர் இருப்பார். இவர்களை ஆபத்து நெருங்காது. வேலையும் நெருங்காது.

கரமனை சுந்தரராமன் இந்த ரகத்தில் முதல் தரம். திருவனந்தபுரம் செக்ரட்டேரியட்டில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, செக்‌ஷன் ஆபீசராக ரிடையர் ஆனவர். இந்த வருஷ மழையில் அவர் வீட்டுக் குளியலறையின் மரக்கதவு உப்பிப்போய் மூட மாட்டேன் என்றது. உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும், பாட்டுக் கேட்டால் மற்றவர்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று வீட்டில் ஓர் ஏற்பாடு. குடும்பத்துக்குள் சரிதான். ஆனால் பெண் மாளவிகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளையின் அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு நாள் தங்குவதாகப் போன் வந்ததும் மனைவி விஜயம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

“ஏன்னா, சம்பந்தி மாமியையும் பாடச் சொல்லப் போறேளா? சஜியைக் கூப்பிடுங்கோ, கேட்டேளா!”

சஜி அடுத்த தெருத் தச்சன். வந்தான், கதவை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தான். “பத்து மினிட்டு வேலையாணு சாமீ” என்றான்.

சுந்தரராமன் அவனை மேலும் கீழும் பார்த்தார். மடித்துக் கட்டிய முண்டு, வெறுங்கால், காதில் பென்சில். கண்ணுக்கு ஒரு கண்ணாடிகூடக் கிடையாது.

“இப்படியேவா மெஷின் ஓட்டறே?”

“இருவது வருஷமாயிட்டு இப்படித்தான் சாமீ.”

“விரல்?”

சஜி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பத்தும் இருந்தன. “அதிர்ஷ்டம்” என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டார். மறுநாளே சாலைக் கடைத்தெருவுக்குப் போய், மரம் இழைக்கிற எலக்ட்ரிக் பிளேனர் ஒன்றை வாங்கி, வரும் வழியில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு வந்தார்.

அடுத்த மூன்று நாள் மெஷின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. எடுத்த எடுப்பில் பிரித்துவிடலாமா? முறை என்று ஒன்று வேண்டாமா? சுந்தரராமன் யூடியூபில் நாற்பது வீடியோ பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு ஃபைல் திறந்தார். கத்தியைச் சரிசெய்யும்போது பிளக் பிடுங்கியிருக்க வேண்டும், கத்தி ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் இழைக்கக் கூடாது, மரத்தில் பழைய ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவ வேண்டும், மரம் அசையாதபடி இறுக்க வேண்டும், வயர் தோளுக்குப் பின்னால் கிடக்க வேண்டும், முழு வேகம் பிடித்த பிறகே மரத்தில் வைக்க வேண்டும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், சுவிட்சை அணைத்தாலும் கத்தி நிற்கும்வரை மெஷினைக் கீழே வைக்கக் கூடாது என்று மொத்தம் பதினேழு அம்சங்கள். ஒன்றில்கூடக் குறை சொல்ல முடியாது. அதுதான் இந்த ரகத்தின் கொடுமை. ஒவ்வொரு அம்சத்துக்கும் நேரே அவர் கையெழுத்து. பக்கத்தில் ‘சரிபார்த்தேன்’ என்று விஜயத்தின் கையெழுத்துக்கு ஒரு கட்டம்.

“கதவு இழைக்க நான் எதுக்காக்கும் கையெழுத்துப் போடணும்?”

“நாளைக்கே ஒரு விரல் போச்சுன்னா யாரு பொறுப்பு?”

“விரல் உங்களோடது, மெஷினும் உங்களோடது. ஞாயித்துக்கிழமை மட்டும் என்னோடதா?” என்றாள். இருந்தாலும் பதினேழு இடத்திலும் போட்டுத் தொலைத்தாள். வேறு என்ன செய்வாள், பாவம்.

கதவைத் தூக்க ஆள் வேண்டுமே, சனிக்கிழமை காலை சஜியே வந்து அதைக் கழற்றி, கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் ஒருக்களித்து நிறுத்தி, பெஞ்சோடு இறுக்கிக் கொடுத்தான். அளவு பார்த்துப் பென்சில் கோடும் போட்டான். சுந்தரராமன் வந்தார். வேட்டி ஆபத்து என்பதால் பழைய ஆபீஸ் பேன்ட், கணுக்காலில் ரப்பர் பேண்டு. பூணூல் பனியனுக்குள். சோப்புப் போட்டுக் கழற்றிய மோதிரம் டப்பாவுக்குள். மூக்குக்கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி, வாயில் மாஸ்க், இரண்டு காதிலும் பஞ்சு. பதினைந்தாம் அம்சப்படி கோலமாவால் தரையில் ஒரு கோடு இழுத்து, கத்தி சுற்றும்போது யாரும் அதைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். பென்சில் கோடு வரை மரம் இறங்கியதும் “போரும்” என்று குரல் கொடுக்கவேண்டியது விஜயத்தின் பொறுப்பு.

சுவிட்சை அழுத்தினார். சத்தமே இல்லை.

“மெஷின் டிஃபெக்ட்” என்றார்.

சஜி மெல்லச் சுவரைக் காட்டினான். பிளக் தொங்கிக்கொண்டிருந்தது. பிடுங்க வேண்டும் என்று முதல் அம்சம் சொல்லியிருந்தது. திரும்பச் சொருகச் சொல்லி எந்த அம்சமும் சொல்லவில்லை. சுந்தரராமன் பஞ்சு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, ‘17 ஏ’ என்று எழுதிச் சேர்த்து, இரண்டு கையெழுத்தும் ஆன பிறகுதான் சொருகி, எல்லாவற்றையும் மறுபடி மாட்டிக்கொண்டார்.

மெஷின் வீரிட்டது. அவர் அதை எட்டப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் மரத்தில் வைக்கவேயில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரிக்காதீர்கள், அத்தனை கையெழுத்தும் இந்தப் பயத்துக்காகத்தானே! ஆனால் முதல் சுருள் பறந்ததும் பயம் போய் ஒரு குஷி வந்தது பாருங்கள், சின்னப் பையன் கையில் பட்டம் கொடுத்த மாதிரி! போனார், வந்தார், மறுபடி போனார். மழைப் புழுக்கத்தில் இரண்டு கண்ணாடியும் பனித்து, பென்சில் கோடு மங்கி, கடைசியில் கதவே மங்கலாகிவிட்டது.

“போரும்! ஏன்னா, போரும்!” என்று விஜயம் கத்தினாள்.

“மதி சாமீ, மதி!” என்று சஜியும் அதையே மலையாளத்தில் கூவினான்.

காதில்தான் பஞ்சாயிற்றே! கோலமாவுக் கோட்டைத் தாண்டி ஓடிப்போய்த் தோளைத் தட்டலாம் என்றால், தாண்ட மாட்டேன் என்று பதினைந்தாம் அம்சத்தில் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கத்தி வேறு சுற்றுகிறது, கை துள்ளினால் என்ன ஆவது? விஜயம் கூடத்துக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தாள்.

“கரண்டு போயிடுத்தே!” என்றார் சுந்தரராமன், ஏமாற்றத்தோடு. கத்தி நின்றபின் மெஷினை முறைப்படி கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பென்சில் கோட்டைக் காணோம்.

சஜி கதவை மாட்டினான். ஒரு விரலால் தள்ளியதும் சமர்த்தாக மூடிக்கொண்டது. மூடிய பிறகும் ஓரத்து இடுக்கில் வாளி தெரிந்தது, சோப்பு தெரிந்தது, சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தது. விஜயம் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். “நாளைக்கு அவா வராளே” என்று மட்டும் சொன்னாள், கண் கலங்கிவிட்டது.

சுந்தரராமனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. “நான்தான் ஆபீசை விட்டேன் விஜயம், ஆபீஸ் என்னை விடலை” என்று தன்னையே நொந்துகொண்டார். பிறகும் சும்மா இருக்க முடிந்ததா? “ஆனா பாரு, விரல் பத்தும் பத்திரமா இருக்கு” என்று விரித்துக் காட்டினார்.

“அந்தப் பத்தையும் இடுக்கில வெச்சு அடைச்சுண்டு நில்லுங்கோ, சம்பந்தி மாமி குளிச்சு முடிக்கற வரைக்கும்!”

சஜி போய், ரீப்பர் என்கிற மெல்லிய தேக்குச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து கதவோரத்தில் ஒட்டி, ஆணி அடித்து, இடுக்கை அடைத்துக் கொடுத்தான். பத்து நிமிஷம்தான் ஆயிற்று.

நன்றாகச் சிரித்தீர்களா? இருக்கட்டும். படிக்கும்போதே, ‘காதில் பஞ்சு வைத்தவரிடம் கத்தினால் எப்படிக் கேட்கும், ஒரு டார்ச்சை அடித்துச் சைகை காட்டும்படி முன்பே பேசி வைத்திருக்கலாமே’ என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நல்ல யோசனை, குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் போட உங்கள் வீட்டிலும் ஆள் இருக்கும். அது சரி, அங்கே எந்தக் கதவு, எத்தனை மாதமாக மூடாமல் கிடக்கிறது?