பஞ்சண்ணையின் சத்தமில்லாத துவக்கு

ஒரு குற்றமும் செய்யாத மனிதரைப் பொலிஸார் தேடி வரும்படி செய்தவன் நான். எனக்கு அவரோடு பகை எதுவும் இல்லை. கோயில் மண்டபத்தில் சாப்பிட இருந்தவர்களைச் சிரிக்க வைப்பதற்காகச் செய்தேன். அந்த மனிதரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் சத்தத்தை எதிர்த்துத் தனியொருவராகப் போர் நடத்தியவர் பஞ்சண்ணை. வேறு இடமென்றால் வென்றிருப்பார். அவர் குடியிருந்தது போர்கோ வெக்கியோவில். அங்கே மீன்காரர் பாட்டாகப் பாடித்தான் மீன் விற்பார். பிறந்தநாளுக்கு வாணவெடி, ஞானஸ்நானத்துக்கு வாணவெடி, யாராவது சிறையிலிருந்து திரும்பினால் அதற்கு இரட்டை வாணவெடி. ஸ்கூட்டரில் போகும் பெடியன் ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்டுதான் போவான். துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் ஊதுவதுதான் அந்தப் பகுதியில் கேட்கிற மிக மென்மையான சத்தம்.

அவருடைய சொந்தப் பெயர் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி அட்டையில் மட்டும் இருந்தது. காதில் எந்நேரமும் பஞ்சு. காதோடு நிறுத்தியிருந்தால் அந்தப் பெயர் வந்திராது. கதிரைக் கால்களுக்கு டென்னிஸ் பந்தை வெட்டி மாட்டியிருந்தார். சுவர்க் கடிகாரத்தின் வயிற்றில் பஞ்சு. குக்கரின் விசிலுக்கு ஒரு துணித் தொப்பி. அந்தத் தொப்பி ஒருநாள் விசிலோடு சேர்ந்து முகட்டில் போய் அடித்தது. அன்றிலிருந்து அவர் பருப்பைச் சட்டியில் அவித்தார். வன்னியில் யுத்தத்தின் கடைசி வரைக்கும் இருந்துவிட்டு வந்தவர். அதற்கு மேல் காரணம் கேட்கும் தேவை எங்களில் யாருக்கும் இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் அம்மன் கோயில் பூசையில் ஐயர் கைமணியை ஆட்டுகிறார், ஆட்டுகிறார், மணி ஊமையாக இருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் நாக்கில் துணி சுற்றியிருக்கிறது.

"ஆர் பார்த்த வேலை இது?"

"நான்தான் ஐயா. அம்மனுக்குக் காது நல்லாக் கேக்கும். நீங்கள் இந்தப் பாடு படத் தேவையில்லை."

அதே கோயிலுக்கு யாரோ நேர்த்தியாகக் கொடுத்த நாதஸ்வரம் ஒன்று, ஊத ஆளில்லாமல் அலுமாரியில் கிடந்தது. அதைப் பழகப்போகிறேன் என்று வாங்கிப் போனவர், நம்புங்கள், பஞ்சண்ணை. போய்ப் பார்த்தேன். முதலில் நாதஸ்வரத்தின் அகன்ற வாய்க்குள் பஞ்சை அடைத்தார். பிறகு கன்னம் இரண்டும் உப்ப, கண்ணை மூடி ஊதினார். விரல்கள் ஓடின. காற்று மட்டும் வந்தது.

"ஒண்டும் கேக்கேல்லையே அண்ணை."

"எனக்குக் கேக்குது, மாஸ்டர்."

நான் ஊரில் படிப்பித்தவன் என்பதால் எல்லாருக்கும் மாஸ்டர். இத்தாலியன் கொஞ்சம் திருத்தமாக வரும் என்பதால் அனுமதி அலுவலாகக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குப் போகிறவர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். இதில் எனக்குப் பெருமை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு முன் நான் சொல்லும் கதைகளுக்கு ஆட்கள் காத்திருப்பதில் அதைவிடப் பெருமை.

இப்படிப்பட்ட பஞ்சண்ணைக்குக் கிடைத்த வேலை, நகருக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில். தளத்தைக் கூட்டுவது, இலக்குத் தகரங்களை மாற்றுவது, சுட்டு முடிந்த வெற்று ரவைக் கோதுகளைப் பொறுக்குவது.

"உங்களுக்கு வேறை வேலையே கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவங்கள்தான் கொந்த்ராத்தோ எழுதித் தந்தவங்கள். அந்த ஒப்பந்தம் இல்லாட்டி பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது. அதோடை மாஸ்டர், காதுக்கு மூடி சும்மா குடுக்கிற வேலை இந்த ஊரிலை அது ஒண்டுதான்."

கழகத்து மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கன்னியர் மடம். சனிக்கிழமைகளில் ஒரு ஓய்வுபெற்ற பல் வைத்தியர் வந்து சுடுவார். எல்லாருக்கும் அவர் தொத்தோரே, அதாவது டொக்டர். அவரிடம் இருந்தது சின்ன ரவை போடுகிற, விசையை இழுக்க இழுக்கத் தானாகவே அடுத்த ரவையை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கி. பெரிய சத்தமில்லைதான். ஆனால் செபம் சொல்லும் நேரத்தில் எது பெரிய சத்தமில்லை? மடத்துத் தலைவி முறைப்பாடு செய்தார். சத்தத்தைக் குறையுங்கள், அல்லது சனிக்கிழமை வராதீர்கள் என்று கழகம் தொத்தோரேயிடம் சொன்னது. அவர் சுற்றிப் பார்த்தார். தளம் கூட்டுகிற தும்புக்கட்டைப் பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டு ஒருவர் நின்றார். "நீதான் எனக்கு வேண்டிய ஆள்," என்றார் தொத்தோரே.

மொழிபெயர்க்க நான் அழைக்கப்பட்டேன். துப்பாக்கி மேசையில் கழற்றிக் கிடந்தது. பஞ்சண்ணை அதைத் தொடாமல், நோயாளியைப் பார்ப்பதுபோலச் சுற்றி வந்தார்.

"ஒரு வெடியிலை நாலு சத்தம் இருக்கு, மாஸ்டர். வெடிக்கிற சத்தம் ஒண்டு. உள்ளை இரும்பு பின்னுக்குப் போய் அடிக்கிறது ஒண்டு. கோது சீமெந்திலை விழுகிறது ஒண்டு. தகரத்திலை படுகிறது ஒண்டு. கடைசி மூண்டையும் நான் பாக்கிறன். வெடியை அவர் பாக்கட்டும்."

வேகம் குறைந்த ரவை வாங்கினால் வெடி தணியும் என்றார் தொத்தோரே. பிறகு குழல் முனையில் விரலை வைத்து, முகம் இறுகி, "இந்த இடத்தில் எதையும் மாட்டக்கூடாது. இத்தாலியில் அதற்குச் சிறை," என்றார்.

பஞ்சண்ணை இரண்டு கையையும் தூக்கினார். "அந்தப் பக்கமே நான் போகமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

இந்த இரண்டு வாக்கியங்களையும் மொழிபெயர்த்தவன் நான். தெரியாமல் பேசிவிட்டேன் என்று பின்னர் சொல்ல எனக்கு வழியே இல்லை.

மூன்று சனிக்கிழமை வேலை நடந்தது. உள்ளே இரும்பு வந்து மோதும் இடத்துக்கு ஒரு மெத்தென்ற ரப்பர் துண்டைத் தொத்தோரே பொருத்தினார். கோதுகள் விழுவதற்குப் பஞ்சண்ணை பழைய சாரத்தில் ஒரு பை தைத்தார். அது துப்பாக்கியின் பக்கவாட்டில் பூப்போட்ட வயிறுபோலத் தொங்கியது. இலக்குத் தகரத்தின் பின்னால் சந்தையில் பொறுக்கிய ரப்பர் பாயைக் கட்டினார். வாரின் வளையம் கிலுங்குகிறது என்று அதற்கும் நூல் சுற்றினார்.

சுட்டுப் பார்த்தார்கள். யாரோ அலுமாரிக் கதவைச் சாத்தியதுபோல ஒரு சத்தம். தொத்தோரே மறுபடி விசையை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. புதிய ரவைக்கு இரும்பைப் பின்னே தள்ளும் பலம் இல்லை. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். தானியங்கித் துப்பாக்கி தாத்தாகாலத்துத் துப்பாக்கியாகிவிட்டது.

"பழுதாக்கிவிட்டோம்," என்றார் தொத்தோரே.

"இல்லை எண்டு சொல்லுங்கோ, மாஸ்டர். இப்ப ரெண்டு வெடிக்கு நடுவிலை ஆறுதலா மூச்சு விடலாம்."

அடுத்த வாரம் மடத்துத் தலைவி மறுபடி வந்தார். தொத்தோரே ஒவ்வொரு முறை குறி தப்பும்போதும் சிசிலிய மொழியில் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர். இத்தனை காலமும் வெடிச்சத்தம் அதை மூடி வைத்திருந்தது. இப்போது வசவுகள் ஒரு சொல்லும் குறையாமல் மதிலைத் தாண்டி, செபத்தின் நடுவில் போய் இறங்கின. பழைய வெடியே பரவாயில்லை என்பது தலைவியின் கருத்து. தொத்தோரே அதன் பிறகு வாயில் மிளகு மிட்டாயோடு சுட்டார்.

இதை இப்படியே சொல்லியிருந்தால் போதும். சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. எனக்கு இது போதவில்லை.

"பஞ்சண்ணை துவக்கு ஒண்டு செய்திருக்கிறார்," என்று தொடங்கினேன். "வீட்டிலை வைச்சுத்தான் செய்தவர். குழாய்க்குள்ளை பஞ்சு. பக்கத்திலை நிக்கிறவனைச் சுட்டாலும் அவனுக்கே தெரியவராது. வீட்டை போய்ச் சாப்பிட்டுப் போட்டுத்தான் விழுவான்."

மண்டபம் அதிர்ந்தது. ஒருவருக்குப் புரையேறியது. வாசலோரம் செருப்பின் அடியில் ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சண்ணையும் தலையைக் குனிந்து சிரித்தார்.

எங்களில் பாதிப்பேர் வேலை செய்வது சின்யோராக்களின், அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மாக்களின், சமையலறைகளில். திங்கட்கிழமை கத்தரிக்காய் வெட்டும்போது என் கதை இத்தாலியனில் சொல்லப்பட்டது. ஒரு சின்யோராவிடமிருந்து இன்னொரு சின்யோராவுக்குப் போனது. வீட்டை போய்ச் சாப்பிட்டு விழுகிறவன் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டான். போர்கோ வெக்கியோவில் ஒருவன் சத்தமில்லாத துப்பாக்கிகள் செய்கிறான் என்பது மட்டும், யாரோ ஒரு சின்யோராவின் மருமகன் இருந்த பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மொழிபெயர்ப்புக்கு அவர்கள் கூப்பிட்டது என்னைத்தான்.

நான் போனபோது இரண்டு அதிகாரிகள் பஞ்சண்ணையின் அறையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். பஞ்சு பஞ்சாக எடுத்து மேசையில் குவித்தார்கள். கடைசியில் கட்டிலுக்கடியிலிருந்து நீளமான, கறுத்த, வாயில் பஞ்சு அடைத்த குழாய் ஒன்று வந்தது. மூத்த அதிகாரி அதை இரண்டு விரலால் பிடித்தார்.

"இது என்ன?"

"வாத்தியம்," என்றேன்.

"ஊதச் சொல்."

பஞ்சண்ணை ஊதினார். காற்று மட்டும் வந்தது. அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பஞ்சை எடுத்துப்போட்டு ஊதுங்கோ, அண்ணை."

"சத்தம் வரும், மாஸ்டர்."

"வரட்டும்."

பஞ்சை உருவினார். ஊதினார். அந்தச் சின்ன அறையில் நாதஸ்வரம் வெடித்த விதத்தைச் சொல்ல எனக்குச் சொல் இல்லை. இளைய அதிகாரி சுவரோடு ஒட்டிக்கொண்டார். தெருவில் நாய்கள் குரைத்தன. போர்கோ வெக்கியோவே ஒரு கணம் வாயடைத்து நின்றுவிட்டு, எதிர் பல்கனியிலிருந்து "ப்ராவோ" என்று கத்தியது. பஞ்சண்ணை மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். சுரம் சுத்தமாக இருந்தது.

அதிகாரி வியர்வையைத் துடைத்தார். "சரி. இந்தக் கதையை யார் கிளப்பியது என்று கேள்."

கேட்டேன். பஞ்சண்ணை என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்ததில்லை.

"தெரியாது எண்டு சொல்லுங்கோ."

அதையும் மொழிபெயர்த்தேன்.

பொலிஸார் போய்விட்டார்கள். கழகம் விடவில்லை. துப்பாக்கியும் பொலிஸும் சேர்ந்த பேச்சில் அடிபட்டவரை வைத்திருக்க முடியாது என்று கணக்கை முடித்தது. கொந்த்ராத்தோ போனது. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் பொலிஸ் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, வயதைப் பார்த்து அனுப்பினார்கள். கோயில் மண்டபத்தில் அதே ஆட்கள் முன் எழுந்து சொன்னேன். இதுவும் ஒரு கதையாக்கும் என்று சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். முடியும் வரை நின்று சொன்னேன். கழகத்தில் தொத்தோரே பஞ்சண்ணைக்காகப் பேசிப் பார்த்தார். அவர்கள் அசையவில்லை.

மிஞ்சியிருந்தது என்னுடைய வேலை. வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் காது மந்தமான ஒரு சின்யோராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு எடுக்கும் வயது எனக்கு எப்போதோ தாண்டியிருந்தது. என் இடத்துக்குப் பஞ்சண்ணையை எடுக்கும்படி கேட்டேன். ஒப்பந்தம் எழுதப்பட்டது, பெர்மெஸ்ஸோவும் வந்தது. ஆனால் அந்த வீட்டில் தொலைக்காட்சி தெருமுனைவரை கேட்கும். சாவி கொடுக்கிற கடிகாரங்களுக்குக் குறைவில்லை, எல்லாம் மணியடிப்பவை. நான் அவருக்குச் செய்தது உதவியா இன்னொரு தண்டனையா என்று எனக்கே தெரியவில்லை.

சில வாரம் கழித்துச் சின்யோரா தொலைபேசியில் கூப்பிட்டார். "மாயெஸ்த்ரோ, கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக நின்றுவிட்டன. உம்முடைய ஆள் நடப்பதும் கேட்பதில்லை. பேயை அனுப்பினீரா?"

"வேண்டாமென்றால் சொல்லுங்கள், சின்யோரா."

"யார் வேண்டாமென்றது? நான் நன்றாகத் தூங்குகிறேன்."

நான் கிளப்பிய துவக்குக் கதையைப் பற்றிப் பஞ்சண்ணை என்னிடம் ஒருநாளும் பேச்சு எடுத்ததில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது காதிலிருந்த பஞ்சைக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினார். ஞாயிறு பின்னேரங்களில் என் வீட்டுக்கு வருவார். வந்த முதல் நாளே என் கதிரைக் கால்களுக்கு டென்னிஸ் பந்து மாட்டிவிட்டுப் போனார். தேத்தண்ணி குடிப்போம். அதிகம் கதைப்பதில்லை.

அவர் படியேறி வருவது எனக்குக் கேட்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கதவைப் பூட்டுவதில்லை.