இன்னும் ஒரே ஒரு கோழி

குடிகாரரை நடையில் கண்டுபிடித்துவிடலாம். கஞ்சரைக் கை குலுக்கும்போதே தெரிந்துகொள்ளலாம். ஆனால் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' ஆசாமியை அத்தனை சுலபமாக அடையாளம் காண முடியாது. குளித்துத் தலை வாரி, நேரத்துக்கு வேலைக்குப் போய், வழியில் பார்ப்பவர்களிடம் நலம் விசாரித்து, நம்மில் பலரைவிட நல்லவராகவே இருப்பார். அவர் வீட்டுக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்கும்வரை உங்களுக்கு ஒன்றும் தெரியாது. எட்டிப் பார்த்த பிறகு வெளியே வர வழி தெரியாது.

இந்த இனத்தில் கிளைகள் ஏராளம். தொட்டிச் செடி வாங்குகிறவர்கள், பேனா சேர்க்கிறவர்கள், மீன் தொட்டிக்குள் மீனை நெருக்கியடித்து நிறுத்துகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே போகலாம். எல்லாக் கிளைகளிலும் சத்தம் அதிகமான கிளை கோழி வளர்ப்பவர்கள். அதிலிருந்து ஒருவரைப் பிடித்து உங்கள் முன் நிறுத்துகிறேன். பெயர் எதற்கு? நம்மவர் என்று வைத்துக்கொள்வோம்.

நம்மவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் யாருக்கு எது மங்கலாகத் தெரிகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவில் எதிரே வருகிறவர் கண்ணைச் சுருக்கும் விதத்தை வைத்தே, "பவர் ஏறிப்போச்சு, கடைப் பக்கம் வாங்க" என்பார். அப்படிப்பட்டவர்தான் மூன்று கோழிகளுடன் ஆரம்பித்தார். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, புள்ளி போட்டது ஒன்று. வீட்டு முட்டைக்கு மூன்று போதும் என்று மனைவியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

போதும் என்று கோழிக்குத் தெரிய வேண்டாமா? மூன்று இருந்தால் இரண்டு கூட்டுச் சேர்ந்துகொண்டு மூன்றாவதை ஒதுக்கிவைக்கும். ஆகவே ஒதுக்கப்பட்டதற்குத் துணையாக நாலாவது. நாலாவது வந்த பிறகு கூண்டில் ஒரு மூலை காலியாகக் கிடப்பது கண்ணை உறுத்தும், அதற்காக ஐந்தாவது. ஐந்தில் ஒன்று முட்டையை நிறுத்திவிட்டால் அந்த இடத்துக்கு ஒன்று. புதியது வந்ததைப் பார்த்துப் பழையதற்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்து மறுபடி முட்டை போட ஆரம்பித்துவிட்டால், வந்ததைத் திருப்பி அனுப்ப முடியுமா, இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். இதற்கிடையில் இடம் போதவில்லை என்று மச்சினனைக் கூப்பிட்டுக் கூண்டைப் பெரிதாக்கினால், பெரிய கூண்டில் கொஞ்சம் கோழிகள் பரிதாபமாகத் தெரியாதா? பாவம் பார்ப்பதில் நம்மவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மச்சினன் தச்சு வேலை செய்பவர். ஆணியை வாயில் வைத்துக்கொண்டே ஒரு தடவை கேட்டார்: "மாமா, கோழிக்காகக் கூண்டா, கூண்டுக்காகக் கோழியா?"

"நீ பலகையைப் பாத்து அடிப்பா" என்றார் நம்மவர்.

வாரக் கடைசியில் சந்தை கூடும். இந்த இனத்துக்கென்று ஒரு வாசகம் உண்டு: சும்மா பாத்துட்டு வரேன். பார்ப்பதற்கு எதற்குக் கூடை என்று கேட்கக் கூடாது. பார்க்கப் போகிறவர் எதற்காகக் கூடைக்கு அடியில் பழைய துண்டை விரித்து, ஓரமாகக் காற்றுப் போகத் துளை இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் போகிறார் என்றும் கேட்கக் கூடாது. மனைவி கேட்டதில்லை.

இன்னொரு லட்சணம், எண்ணுவதே கிடையாது. எண்ணுவது நிறுத்த நினைக்கிறவர்கள் செய்கிற வேலை. "எத்தனை கோழி வெச்சிருக்கீங்க?" என்று யார் கேட்டாலும் நம்மவர் மேலே பார்த்தபடி, "ஏழெட்டு இருக்கும்" என்பார். மனைவியிடமும் அதே ஏழெட்டுதான். மனசுக்குள் அது இருபதைத் தாண்டியிருக்கும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அவர் துளிகூட முயலவில்லை.

ஆரம்பத்தில் மனைவியிடம் பிடிபடும் அபாயம் இருந்தது. கறுப்பு, வெள்ளை, புள்ளி என்று நிறத்தை வைத்து அடையாளம் கண்டுவிடுவார். ஆகவே நாலாவதிலிருந்து நம்மவர் செம்பட்டை நிறத்தில் மட்டுமே வாங்கினார். ஒன்றைப் பார்த்தால் மற்றதைப் பார்க்க வேண்டாம், அப்படி ஓர் ஒற்றுமை. அவை நிற்காமல் நடமாடிக்கொண்டே இருப்பதால் எந்தச் செம்பட்டையை எண்ணினோம், எதை விட்டோம் என்று யாராலும் சொல்ல முடியாது.

புதுக் கோழியைக் கூட்டத்தில் சேர்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பகலில் விட்டால் பழைய கோழிகள் கொத்திக் குதறிவிடும். பொழுது சாய்ந்து, எல்லாம் கழியில் வரிசையாக உட்கார்ந்து கண் மங்கியிருக்கும் வேளையில், புதியதை மூச்சுக் காட்டாமல் நடுவில் உட்கார்த்திவிட வேண்டும். மறுநாள் விடியும்போது பக்கத்தில் இருப்பதைப் பார்த்து, இது நேற்றும் இங்கேதான் இருந்ததாக்கும் என்று மற்றவை சும்மா இருந்துவிடும். கோழி வளர்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். கோழியிடம் பலிக்கிற வித்தை மனைவியிடமும் பலிக்கும் என்று நம்பியதுதான் நம்மவர் கூடுதலாகச் செய்தது.

சந்தையிலிருந்து வந்ததை உடனே கூட்டத்தில் விடவும் முடியாது. நோய் நொடி இருக்கிறதா என்று சில நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். தனியே வைக்க ஓர் இடம் வேண்டும். இங்கேதான் அந்த அறை வருகிறது.

நம்மவரின் மனைவி தையல்காரர். வெறும் ஓரம் அடிக்கிற தையல் இல்லை. ஒரு மருத்துவமனைக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கிறவர். அவருக்காகவே கொல்லையில் ஓர் அறை கட்டப்பட்டது. கிழக்கே பெரிய ஜன்னல், துணி வெட்ட நீள மேசை. மெஷினை உள்ளே கொண்டுபோக இருந்த சமயத்தில் நம்மவர், "ஒரு கோழிக்குச் சளி, நாளைக்கு எடுத்துடறேன்" என்று ஒரு கூடையை அங்கே வைத்தார். அந்தச் சளி இன்றுவரை குணமாகவில்லை. ஒரு கோழிக்குச் சரியானால் இன்னொன்றுக்குப் பிடித்துக்கொள்ளும். பின்னாலேயே தீவன மூட்டை வந்தது, மரத்தூள் வந்தது, வெட்டும் மேசை மேல் தண்ணீர்க் கிண்ணங்கள் வந்தன. மனைவி சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள நடையில் மெஷினைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவர் காலில் மிதிபடாமல் வெள்ளைத் துணியைச் சுருட்டிச் சுருட்டி இழுத்துக்கொண்டு தைத்தார்.

ஒரு நாள் மருத்துவமனையிலிருந்து ஒரு கோட்டு திரும்பி வந்தது. காலரின் மடிப்புக்குள் செம்பட்டை இறகு ஒன்று, கச்சிதமாக, தையலோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. மனைவி அதைப் பிரித்தெடுத்து மெஷினின் மேல் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததைத்தான் நம்மவர் கவனித்திருக்க வேண்டும். அவரோ இறகின் பளபளப்பைப் பார்த்து, தீவனம் ஒத்துக்கொண்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

அதன் பிறகு ஓர் அதிசயம் நடந்தது. புதிதாக வாங்கி வருகிற கோழிகளெல்லாம் கூண்டில் கால் வைத்த நாளிலேயே சொந்த வீடு மாதிரி நடந்துகொண்டன. கொத்து இல்லை, சண்டை இல்லை. ஒரு கோழி நேராகப் போய் மூலைப் பெட்டியில் உட்கார்ந்து முட்டையே போட்டுவிட்டது. நம்மவர் பூரித்துப்போனார். கடையில் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து ஓட முடியாமல் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர்களிடம் அளந்து தள்ளினார்.

"மேல் வரி படிங்க. எல்லாம் நாம பழக்குற விதத்துலதான் இருக்கு. என் கை பட்டா எந்தக் கோழியும் சண்டை போடாது. இப்ப கீழ் வரி."

"கீழ் வரி தெரியலைங்க."

"கோழிக்கும் அப்படித்தான், பொழுது சாஞ்சா ஒண்ணும் தெரியாது" என்று தொடர்ந்தார்.

இத்தனை அமைதிக்கு நடுவிலும் அவருக்கு ஒரு குறை இருந்தது. கூண்டைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று குறைகிற மாதிரியே தோன்றியது. இனத்தின் இயல்பான நோய் என்று நாம் நினைப்போம். அவரும் அப்படித்தான் நினைத்து, சந்தைக்குப் போய்ப் போய் மருந்து வாங்கி வந்தார்.

அந்த வாரம் ஒரு செம்பட்டை லேசாக நொண்டியது. கூட்டத்தில் அதைத் தனியே கவனிக்க வேண்டுமே என்று கடையிலிருந்து ஒரு ரப்பர் வளையம் கொண்டுவந்து அதன் காலில் மாட்டிவிட்டார். கண்ணாடிக் கம்பி காதில் உறுத்தாமல் இருக்க மாட்டுகிற ரப்பர் அது, பச்சை நிறம். எந்த வாடிக்கையாளருக்கும் பிடிக்காமல் மிஞ்சிப்போன நிறம்.

சந்தை நாளன்று சும்மா பார்க்கப் போனார். வழக்கமாக வாங்குகிற கூடைக்காரம்மா அவரைக் கண்டதும் ஏனோ கூடையைத் தன் முதுகுப் பக்கம் நகர்த்தினார்.

"இன்னிக்கு ஒண்ணும் சரியில்ல சார். அடுத்த வாரம் வாங்க."

"சும்மா பாக்கத்தாம்மா" என்று நம்மவர் குந்தி உட்கார்ந்து ஒரு கோழியைத் தூக்கினார். "இது ஏதோ பழகின முகம் மாதிரி இருக்கே."

"கோழிக்கு எல்லாம் ஒரே முகந்தான் சார்."

"இல்லம்மா, கண்ணு என்னா தெளிவு. இந்த மாதிரி ஒண்ணு எங்கிட்ட இல்ல" என்றபடி அதன் காலைப் பிடித்தார். விரலில் பச்சை ரப்பர் தட்டுப்பட்டது.

நம்மவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இது என் கோழியாச்சே."

"ஆமா சார்" என்றார் கூடைக்காரம்மா, தரையைப் பார்த்தபடி. "போன தடவ வாங்கினதும் உங்களுதுதான். அதுக்கு முந்தினதும். நீங்க கடைக்குப் போனப்புறம் அக்கா கூப்பிட்டுக் குடுத்துவிடுவாங்க. வேற யார்கிட்டயாவது வித்துடுன்னுதான் சொன்னாங்க. வாங்குற ஆளு நீங்க ஒருத்தர்தானே சார் வரீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

சொந்தக் கோழி என்று தெரிந்தது. திரும்பி வந்துவிட்டாரா? இல்லை, விலை பேசி வாங்கிக்கொண்டுதான் வந்தார். அதுதான் இந்த இனம்.

வீட்டில் மனைவி நடையில் உட்கார்ந்து கோட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தார். கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கணவர் வந்து நின்றதைக் கண்டும் மெஷினை நிறுத்தவில்லை.

"என்னங்க, சளி சரியாயிடுச்சா?"

"எப்ப இருந்து நடக்குது இது?" என்றார் நம்மவர்.

"காலர்ல இறகு வந்துச்சே, அன்னையில இருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எத்தனைன்னு கேட்டேன். ஏழெட்டுதான் இருக்குன்னீங்க. சரி, ஏழெட்டாவே இருக்கட்டும்னு பாத்துக்கிட்டேன். கறுப்பு, வெள்ளை, புள்ளி மூணையும் தொடல. தொட்டா உங்களுக்குத் தெரிஞ்சுபோயிடும்."

நம்மவர் கொல்லைக்குப் போய், வாழ்க்கையில் முதன்முறையாக எண்ணினார். கையில் இருந்ததோடு எட்டு. மனைவியிடம் இத்தனை காலமும் பொய் சொல்லிக்கொண்டிருப்பதாக அவர் நினைத்திருந்தார். பாவம், கொஞ்ச நாளாக அவர் சொன்னதெல்லாம் நிஜமாகவே இருந்திருக்கிறது.

திரும்பி வந்தபோது மெஷின் நின்றிருந்தது.

"எட்டுக் கோழிக்கு என் தம்பி செஞ்ச கூண்டு தாராளம்" என்றார் மனைவி. "அப்ப என் ரூம் யாருக்குங்க? இன்னொரு இறகு வந்தா வேற ஆளப் பாத்துக்கறோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொல்லல. சொன்னா இறகு உதிராத கோழின்னு ஒண்ணு வாங்கிட்டு வருவீங்க."

அப்படி ஒரு வகை உண்டு என்று நம்மவர் கேள்விப்பட்டிருந்தார். அந்தக் கணம் அதுதான் ஞாபகத்துக்கும் வந்தது. அதை நினைத்து அவருக்கே வெட்கமாக இருந்தது. மனைவியின் முழங்காலைச் சுற்றிக் குவிந்திருந்த வெள்ளைத் துணியையும், அதன் ஓரத்தில் தன்னுடைய செருப்புத் தடத்தையும் பார்த்தார். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்கிறவர், இந்தத் தடத்தை எத்தனை தரம் தாண்டிப் போயிருப்பார்?

அன்றே மூட்டைகளைத் தூக்கினார். மரத்தூளைப் பெருக்கினார். ஜன்னல் கண்ணாடியை, கடையில் லென்ஸ் துடைக்கிற துணியாலேயே துடைத்தார். மச்சினனும் அவருமாக மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தார்கள். மறுநாள் மனைவி உட்கார்ந்து மிதித்தபோது காலை வெயில் துணி மேல் விழுந்தது. மருத்துவமனை ஆர்டர் ஒரு இறகும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. கோழிகள் எட்டாகவே இருந்தன. நிஜமாகவே எண்ணினார்.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் நம்மவரும் நினைத்தார். சில வாரம் கழித்து மனைவி அறையிலிருந்து கூப்பிட்டார்.

"என்னங்க, ஒண்ணு யோசிச்சேன். இந்த மெஷின் ஒண்டியா கிடந்து ஓடி ஓடிச் சூடாயிடுது. துணைக்கு இன்னொண்ணு இருந்தா மாத்தி மாத்தி ஓட்டலாம். அந்த மூலையும் சும்மாதான் கிடக்கு, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

நம்மவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குரல் அவருக்கு நன்றாகத் தெரிந்த குரல்.

"பெருசா இருக்குமோ?"

"சே, சின்னதுதான். இதே நிறம். பக்கத்துல வெச்சா ரெண்டுன்னே தெரியாது. வாங்கவெல்லாம் வேண்டாம். சும்மா பாத்துட்டு வருவோம்."

இருவரும் கிளம்பினார்கள். கூடையை நம்மவர் எடுத்துக்கொண்டார். மெஷினை வைக்க அந்தக் கூடை போதாது என்பது இருவருக்கும் தெரியும், வழியில்தான் சந்தை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். கோழியும் இல்லை, மெஷினும் இல்லை என்ற தைரியம். நல்லது. ஆனால் உங்கள் வீட்டில் ஓர் அலமாரி இருக்கிறது. அதன் கதவைச் சாத்தும்போது முழங்காலால் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருப்பது எத்தனை என்று கேட்டால், மேலே பார்த்தபடி ஒரு எண்ணைச் சொல்வீர்கள். அது கோழி மாதிரி இல்லை, உபயோகமான சாமான் என்று இந்த நிமிஷம் உங்களுக்குள் ஒரு குரல் வாதாடுகிறதே, அந்தக் குரலை எனக்குத் தெரியும். எழுந்து போய் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும் ஒன்று குறைகிற மாதிரித் தோன்றினால், தயவுசெய்து செருப்பை மாட்டாதீர்கள்.