மசியாத நோயாளி

மனைவி ஆங்கிலப் பரீட்சையில் தேறவே கூடாது என்று லிஃப்ட் மெக்கானிக் கங்கணம் கட்டிக்கொண்டார். கெட்ட மனுஷனில்லை. பாவம், வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன். நர்ஸ் வேலை பார்க்கிற மனைவி தேறிவிட்டால் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்துவிடுவாள். இவர் பின்னாலேயே போய்ச் சேர ஆறு மாதம் ஆகும். ஆறு மாதம்!

வழி வீடு தேடி வந்தது. அந்தப் பரீட்சையில் பேச்சுத் தேர்வு என்று ஒன்று உண்டு. ஒருவர் நோயாளியாக நடிப்பார். ஐந்தே நிமிஷத்தில் ஆங்கிலத்தில் பேசி அவரை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

"பேசிப் பழக ஒரு நோயாளி வேணுமே," என்றாள் மனைவி.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்று சோபாவில் பொத்தென்று சாய்ந்தார். எதற்கும் மசியாமல் படுத்தினால் இரண்டே நாளில் புத்தகத்தை மூட்டை கட்டிவிடுவாள் என்பது கணக்கு.

தப்பு எங்கே என்று பிறகு கேட்டுப் பார்க்க, போனில் பதிவு செய்தபடி அவள் ஆரம்பித்தாள். மாத்திரை? மாட்டேன். ஊசி? மாட்டேன். கொஞ்சம் நடங்களேன்? முடியவே முடியாது. "நோ சிஸ்டர்" என்கிற அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் தாராளமாக வந்தது. கட்டின பொண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிட முதல் நாள் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

பத்து நாள் படுத்தினார். அவள் அசரவில்லை. பதினோராம் நாள் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, உங்களுக்கு என்ன பயம், என்னிடம் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். எந்தப் பாடத்தில் இருந்ததோ, மனுஷன் நடிப்பையே மறந்துவிட்டார்.

"யூ கோ. ஐ அலோன். நோ குக்கிங்," என்று கொட்டிவிட்டார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அடுப்பு பற்ற வைப்பதிலிருந்து துணி காயப்போடுவது வரை பொறுமையாக விளக்கினாள். நோயாளிக்குப் புரிந்ததா என்று திருப்பிச் சொல்லச் சொல்வது நர்ஸ்களின் வழக்கம். இவரும் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னார். நேரம் முடிந்ததற்கு மணி அடித்தது.

பரீட்சை முடிவு வந்த அன்று மனைவி குதித்துக்கொண்டு வந்தாள்.

"பாஸாயிட்டேங்க! அங்க வந்த நோயாளி மகா பிடிவாதம். ஆனா உங்களோட மல்லுக்கட்டினவளுக்கு அவரெல்லாம் பச்சைக் குழந்தை!"

"அடப்பாவமே! நானேதான் உன்னைப் பாஸ் பண்ண வெச்சேனா?"

"நீங்களேதான்."

"ஆறு மாசம் நான் என்னடி பண்ணுவேன்? எனக்கு ஒரு வேலையும் தெரியாதே!"

அவள் போனைத் தட்டினாள். அவருடைய குரலே கணீரென்று கேட்டது: "ஐ குக். ஐ வாஷ். டெய்லி, சிஸ்டர்."

"நோயாளி குணமாயிட்டாரு," என்று சோபாவில் சாய்ந்துகொண்டாள் மனைவி. "எழுந்து போய் ரெண்டு காபி போட்டுட்டு வாங்க."