அரைப்பங்கு அண்ணை சொல்லாத தொகை

ஒரு மனிதனை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் அந்த வருஷம் கட்டப்போகிற வருமான வரியைச் சொல்லக்கூடியவர் இந்தப் பரிஸ் மாநகரத்தில் ஒரே ஒருவர்தான். அவர் அரைப்பங்கு அண்ணை. அந்தத் தொகையைக் கண்டுபிடிக்க வரிக் கந்தோரின் அலுவலர்களுக்கு மூன்று மாதம் வேண்டும். அண்ணைக்கு ஒரு மிடறு தேத்தண்ணி போதும்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒருவருக்கும் தெரியாது. இங்கே வரி போடும்போது குடும்பத்தின் வருமானத்தைப் பங்கு பங்காகப் பிரித்துப் பார்ப்பார்கள். புருசனுக்கு ஒன்று, பெண்சாதிக்கு ஒன்று, பிள்ளைக்கு அரை. பங்கு கூடினால் வரி குறையும். எங்கள் ஆட்கள் யாருக்காவது பிள்ளை பிறந்தால் அண்ணை முதல் ஆளாக ஆஸ்பத்திரிக்குப் போவார். தொட்டிலை எட்டிப் பார்ப்பார். "அரைப்பங்கு நல்ல நிறம்" என்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

செவ்ரானில் ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகள் போதும் என்று நிம்மதியாக இருந்தது. அண்ணை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "மூண்டாவதுக்கு அரை இல்லை, முழுப்பங்கு தருவான். யோசியுங்கோ" என்று வாயை விட்டார். பரிமாறிக்கொண்டிருந்த அக்கா சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர்தான், பிறகு வெளியே வரவில்லை. அண்ணை விரலில் குழம்பு காயும்வரை காத்திருந்துவிட்டு எழும்பி வந்தாராம். அந்த வீட்டில் மூன்றாவது பிறந்தது வேறு கதை. அதற்கும் அண்ணைதான் காரணம் என்று அந்த அக்கா இன்றைக்கும் திட்டுகிறார்.

சித்திரை பிறந்து வரிப் பத்திரம் நிரப்பும் காலம் வந்தால் ஒரு தேத்தண்ணிக் கடையின் கடைசி மேசை அண்ணையின் கந்தோர் ஆகிவிடும். கூலி பால் விடாத ஒரு பிளேன்ரீயும் தின்ன ஒரு ரோல்ஸும். வரிசை கதவைத் தாண்டித் தெருவுக்கு வரும். வருகிறவனின் காலில் உள்ள சப்பாத்தைப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார். "ரெண்டு வருஷமா ஒரே சப்பாத்து. சம்பளம் கூடேல்லை. கண் சிவந்திருக்கு, ஓவர்டைம் செய்திருக்கிறாய். அதுக்கு இம்போ இல்லை, பயப்பிடாதை. உனக்கு அறுநூற்றுச் சொச்சம்" என்று கடை முழுக்கக் கேட்கச் சொல்வார். இம்போ என்றால் வரி. பிறகு வருகிற கடுதாசியில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்றிருக்கும். இவ்வளவு தெரிந்த மனிதர் தன்னுடைய பத்திரத்தை மட்டும் ஒவ்வொரு வருஷமும் பிந்திக் கொடுத்துக் குற்றப்பணம் கட்டுவார். கேட்டால், "ஊரார்ரை அலுவலுக்குப் பிறகுதானே என்ரை" என்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு நான் செய்ததைத்தான் சொல்ல வந்தேன். இதுவரை சிரித்து எழுதியாயிற்று. இனி எழுதக் கை கூசுகிறது.

எனக்குக் கலியாணம் பேசி வந்தது. பெண் சுபா, பரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெய் ஊர். சாதகம் பொருந்திவிட்டது. ஆனால் எங்கள் ஆட்களுக்கு இங்கே சாதகத்தோடு இன்னொரு கடுதாசியும் பொருந்த வேண்டும். வரிக் கந்தோர் வருஷாவருஷம் அனுப்புகிற கடுதாசி அது. அதில் உள்ள வருமானத்தைத் தரகரும் கூட்டிச் சொல்ல முடியாது. நேரே கேட்டால் மரியாதையில்லை என்பதால் பெண் வீட்டார் அண்ணையிடம் வந்து சுற்றி வளைத்துக் கேட்பார்கள்.

நான் ஒரு ரெஸ்தோறோந்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். மாதம் ஆயிரத்து முந்நூறு யூரோ. பெண் வீட்டாருக்குச் சொன்னதோ தலைமைச் சமையல்காரன், இரண்டாயிரத்து எண்ணூறு. மூன்று வருஷமாக என் பத்திரத்தை நிரப்பியவர் அண்ணை. சுபாவின் தகப்பன் ஒருநாள் போனில், "ஞாயிற்றுக்கிழமை லா சப்பல் பக்கம் வாறன் தம்பி, அரைப்பங்கரையும் ஒருக்காச் சந்திக்கவேணும்" என்றார். அண்ணையுடையது கடை முழுக்கக் கேட்கக் கத்துகிற வாய்.

"மாமா, அந்த மனுசனை நம்பாதேங்கோ. அவருக்கு இப்ப தலை சரியில்லை. போன வருஷம் நாலு பேருக்குப் பிழையா நிரப்பி, அதுகள் குற்றப்பணம் கட்டினதுகள்" என்றேன். நாலு பேர் என்று தொகை சொன்னேன் பாருங்கள், பொய்யிலும் கணக்குச் சுத்தம்.

மாமா நம்பினார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் வாங்க வந்தவர் அண்ணை இருக்கிற தேத்தண்ணிக் கடைக்குள் எட்டிப் பார்த்தார். நான் இரண்டு மேசை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு இருந்தேன்.

மாமா என் பெயரைச் சொல்லி, "அந்தப் பொடியனுக்கு இம்போ எவ்வளவு வரும்?" என்றார்.

"எனக்குத் தெரியாது" என்றார் அண்ணை.

"நீங்கள் முகத்தைப் பாத்தே சொல்லுவியள் எண்டு ஊரெல்லாம் கதைக்குது."

"கடுதாசி பாக்காத ஆள் எண்டால் ஊகம் சொல்லுவன். கடுதாசி என்ரை கையிலை தந்த ஆளைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. கேக்காதேங்கோ."

"உழைப்பாளியோ எண்டாவது சொல்லலாமே?"

"விடியக்காலமை ஓடுற முதல் மெத்ரோ ரயிலிலை வேலைக்குப் போறவன். அது கடுதாசியிலை இல்லை, அதாலை சொல்லுறன்."

இத்தனை வருஷம் அவருடைய கத்தலைக் கேட்ட எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கத்துவதெல்லாம் ஊகம். நிரப்பிய பிறகு ஒருவருடைய தொகையும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மாமாவுக்கோ வேறு விதமாக விளங்கியது. வெளியே போய் என்னைப் போனில் கூப்பிட்டு, "நீர் சொன்னது சரிதான் தம்பி, பாவம், ஆளுக்கு ஒண்டும் நினைவில்லை" என்றார். அண்ணை எனக்காக வாயை மூடியதே நான் கட்டிய கதைக்குச் சாட்சியாகிவிட்டது.

கலியாணம் நடந்தது. மாமா மூலம் அந்தக் கதையும் ஊரெல்லாம் நடந்தது. அடுத்த சித்திரையில் ஆர்ஜொந்தெய்க்காரர் ஒருவரும் வரவில்லை. பிறகு சென் தெனிக்காரரும் நின்றுபோனார்கள். தெருவரை வந்த வரிசை இரண்டு கதிரைக்குள் அடங்கிவிட்டது.

பொய் சொல்லிக் கலியாணம் கட்டியவன் ஒன்றை மறந்துபோனேன். இந்த நாட்டில் புருசனும் பெண்சாதியும் ஒரே பத்திரத்தில் கணக்குக் காட்ட வேண்டும். சுபா போனில் பத்திரத்தைத் திறந்தாள். வரிக் கந்தோர் என் வருமானத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தது. அதை விரலால் பெரிதாக்கி வாசித்தாள்.

"அரைப்பங்கு அண்ணைக்கு இது தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் அப்பாட்டைச் சொல்லேல்லை?"

விடையையும் அவளே கண்டுபிடித்தாள். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். "அவருக்குத் தலை சரியில்லை எண்டு அப்பாட்டைச் சொன்னது நீங்கள்தானே" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "கோப்பை கழுவுறதிலை என்ன வெக்கம்? இதுக்கு வெக்கப்படுங்கோ. போய் அவரிட்டைச் சொல்லிப்போட்டு வாங்கோ" என்றாள்.

போனேன். அண்ணை கடைசி மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒருவரும் இல்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாடா தம்பி, இப்ப ரெண்டு பங்கு" என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"என்னைப் பற்றி ஒரு கதை திரியுது, கேள்விப்பட்டனியோ? அதை நீதான் கிளப்பினனி எண்டு ஒருத்தன் வந்து சொல்லுறான். நல்லா ஏசிக் கலைச்சுவிட்டன். உன்னை எனக்குத் தெரியும், நீ அப்பிடிச் சொல்ல மாட்டாய் எண்டன்."

என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஒரு பிளேன்ரீயும் இரண்டு ரோல்ஸும் வாங்கி அவர் முன்னால் வைத்தேன். வீட்டுக்கு வந்து சுபாவிடம், "சொல்லிப்போட்டன்" என்றேன்.

இது நடந்து மூன்று வருஷம். அண்ணை இன்னும் அந்த மேசையில்தான் இருக்கிறார். நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகையை விளம்பரம்கூட விடாமல் வாசிப்பார். சுபாவும் வாசிப்பாள். அவளிடம் நான் வாங்கப்போகிற ஏச்சு தனி.

அண்ணை, அந்தக் கதையைக் கிளப்பினது நான்தான். உங்களிட்டை வந்து சொன்னவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கோ, அவன் பொய் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை சுபாவையும் கூட்டிக்கொண்டு வாறன். கடை முழுக்கக் கேக்க ஏசுங்கோ. ஏசி முடிஞ்சாப் பிறகு, மனம் இருந்தால், எனக்கும் ஒரு கதிரையை இழுத்துப் போடுங்கோ.